ஏழுன்னா எந்த ஏழு?

போன செவ்வாய்க்கிழமை காலை. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாதி டம்ளர்கூட காலியாகவில்லை, போன் வந்தது. அன்வர் பாய்.

"மேஸ்திரி, எங்க இருக்கீங்க? கொஞ்சம் ஃபேக்டரி வரைக்கும் வந்துட்டுப் போங்க. பெரிய பேஜார் ஆயிப்போச்சு."

அன்வர் பாய் பேரணாம்பட்டு ரோட்டில் தோல் ஃபேக்டரி நடத்துகிறவர். நான் சொந்தமாக யூனிட் போடுவதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் அங்கேதான் மேஸ்திரி. இன்றைக்கு எனக்கே நாலு டிரம் ஓடுகிறது, என்கிட்டே முப்பது பேர் வேலை செய்கிறார்கள். ஆனாலும் அவருக்கு நான் மேஸ்திரிதான். எனக்கும் அதில் வருத்தம் இல்லை. முதலாளி என்று யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். மேஸ்திரி என்று கூப்பிட வேலை தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதுகிற பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் கதை தெரியும். மூணாங்கிளாஸோடு நின்றவன். சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை கற்றவன். தோலைக் கையால் தடவிப் பார்த்தே அது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதை எத்தனை தடவைதான் எழுதுவீர்கள் என்று ஒரு வாசகர் போன மாதம் கேட்டிருந்தார். சாகிற வரைக்கும் எழுதுவேன் ஐயா!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபேக்டரிக்குள் நுழைந்ததும் டிரம் பக்கம்தான் போனேன். நூற்றிப்பத்து எருமைத் தோல். தரையில் கொட்டி வைத்திருந்தார்கள். கிட்டே போகவே தேவையில்லை — பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஊதிப்போயிருந்தது. ரப்பர் மெத்தை மாதிரி. அழுத்தினால் விரல் போன தடம்கூட நிற்கவில்லை.

தோல் வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முடி நீக்கின தோலை டிரம்மில் போட்டு, முதலில் உப்புத் தண்ணியில் சுற்ற விடுவோம். அதற்கப்புறம்தான் ஆசிட் ஊற்றுவோம். இந்த வேலைக்கு பிக்கிள் என்று பேர். வீட்டில் ஊறுகாய் போடுகிற கணக்குதான். உப்பு போதுமான அளவு இருந்தால், ஆசிட் தோலை ஒன்றும் செய்யாது. உப்பு கம்மியாக இருக்கும்போது ஆசிட் பட்டுவிட்டால்... தோல் தண்ணியைக் குடித்து வீங்கிவிடும். அப்புறம் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டினால் வீக்கம் வடியும். ஆனால் போன பலம் திரும்பி வராது. அந்தத் தோலில் ஷூ தைத்தால் நாலு மாதத்தில் வாய் பிளக்கும்.

ஆக, யாரோ உப்பைக் கம்மியாகப் போட்டிருக்கிறார்கள். யார்?

அதற்குப் பதில் நோட்டீஸ் போர்டில் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. 'பணியில் கவனக்குறைவு காரணமாக டிரம் ஆபரேட்டர் கஜேந்திரன் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்படுகிறார்.' கீழே கையெழுத்து, சீல். கேட்டுக்குள் வருகிறவன், போகிறவன் எல்லாரும் அந்த போர்டைத் தாண்டித்தான் கார்டு பன்ச் பண்ணவேண்டும்.

கஜேந்திரனை எனக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். நான் மேஸ்திரியாக இருந்த கடைசி வருஷங்களில் என்கிட்டே வேலைக்குச் சேர்ந்தவன். இன்றைக்கு அவனுக்கே தலை நரைத்துவிட்டது. ஒரு நாள் குடித்துவிட்டு வந்ததில்லை. ஒரு நாள் எதிர்த்துப் பேசினதில்லை. அதிகம் பேசவே மாட்டான்.

சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"இன்னாடா இது?" என்றேன்.

வேலை போவதைப் பற்றி அவன் ஒரு வார்த்தைக்குமேல் பேசவில்லை. "வேற ஃபேக்டரி இல்லாமயா போயிடும் மேஸ்திரி. அந்த போர்டுல இருக்கிற பேப்பரை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. எங்க ஊர்க்காரனுங்க அத்தினி பேரும் இங்கதான் வேலை செய்றானுங்க. என் மச்சான் பொண்ணு ஷூ செக்ஷன்ல இருக்குது. காலைல அது அந்தப் பேப்பரைப் படிச்சிட்டு என்னைப் பாக்காம போச்சு."

அவ்வளவுதான் அவன் கேட்டது. ஒரு பேப்பர்.

நடந்தது என்ன என்று அவனைக் கேட்டேன். நிதானமாகச் சொன்னான்.

முன்பெல்லாம் இந்த அளவு தோலுக்கு நாலு மூட்டை உப்பு என்று கணக்கு. கொட்டிவிட்டு, மீட்டர் ஏழு காட்டுகிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். இப்போது கழிவுத் தண்ணியில் உப்பு ஜாஸ்தி போகக்கூடாது என்று எல்லா ஃபேக்டரிக்கும் நெருக்கடி. அதனால் ஒரு டிரம் ஓட்டின உப்புத் தண்ணியை டேங்கில் பிடித்து வைத்து, அடுத்த தடவையும் அதையே ஊற்றுகிறார்கள். அதில் எவ்வளவு உப்பு மிச்சம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே மூட்டைக் கணக்கை விட்டுவிட்டு மீட்டர் கணக்கு. கண்ணாடி மீட்டரைத் தண்ணியில் மிதக்க விடு, ஏழு டிகிரி காட்டுகிற வரைக்கும் உப்பைப் போடு, ஏழு வந்ததும் நிறுத்து. நல்ல முறைதான். நான் குறை சொல்ல மாட்டேன். என் யூனிட்டிலும் அதைத்தான் செய்கிறேன்.

தோல் ஊதின அன்றைக்கு அந்த டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதனால் புதுத் தண்ணி ஊற்றியிருக்கிறான். பழைய மீட்டர் முந்தின நாள் கை நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்துபோனது. ஸ்டோரில் போய்க் கேட்டிருக்கிறான். அவர்கள் பீரோவைத் துழாவி வேறு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதே மாதிரி கண்ணாடிக் குழாய், அதே மாதிரி அடியில் ஈயக்குண்டு, உள்ளே அதே மாதிரி நம்பர் அடித்த பேப்பர்.

அரை மூட்டை உப்புப் போட்டதுமே மீட்டர் ஏழு காட்டிவிட்டது.

"எனக்கே சந்தேகம் மேஸ்திரி. நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாத்தேன். உப்பே கரிக்கலை. சாருக்குப் போன் பண்ணேன்."

சார் என்றால் டெக்னிஷியன் பிரகாஷ். லெதர் டெக்னாலஜி படித்துவிட்டு மெட்ராஸிலிருந்து வந்தவர். அன்றைக்குக் கழிவுத் தண்ணி பிளாண்டில் மீட்டிங்கில் இருந்திருக்கிறார். மீட்டர் எவ்வளவு காட்டுது என்று கேட்டாராம். அரை மூட்டைதான் சார் போட்டேன், நாக்குல கரிக்கலை, ஆனா ஏழு காட்டுது என்றானாம் இவன். அப்போ நிறுத்து, ஆசிட்டை ஊற்று என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். பழைய உப்புத் தண்ணிதானே ஊற்றியிருப்பான், அதிலேயே நிறைய உப்பு இருந்திருக்கும் என்று அவர் நினைப்பு. அதுமட்டுமா? மூன்றரை மூட்டை மிச்சம் என்று மீட்டிங்கில் சந்தோஷமாக அறிவித்துவிட்டும் வந்திருக்கிறார்!

எனக்கு ரத்தம் கொதித்தது. நேராக ஆபீஸுக்குள் போனேன்.

அன்வர் பாய், பிரகாஷ் சார், ஸ்டோர்க்காரர் — மூன்று பேரும் இருந்தார்கள். பிரகாஷ் சார் லேப்டாப்பைத் திருப்பி என் பக்கம் காட்டினார். "இங்க பாருங்க பெரியவரே, என் பிராசஸ் ஷீட்ல கிளியரா இருக்கு. பிக்கிள் லிக்கர் டென்சிட்டி ஆயிரத்து ஐம்பது கிலோகிராம் பெர் க்யூபிக் மீட்டர். ஆபரேட்டர் ஃபாலோ பண்ணலைன்னா நான் என்ன செய்யறது?"

"ஆயிரத்து ஐம்பதா? டிரம் பக்கத்துல மாட்டியிருக்கிற கார்டுல ஏழுன்னுதானே இருக்குது?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

ரெண்டும் ஒண்ணுதான். இவருக்குத் தெரியும், ரெண்டும் ஒன்று. டிரம் சுற்றுகிறவனுக்கு யார் சொன்னது?

இங்கேதான் எனக்கு ஒரு பெரிய ஆத்திரம் இருக்கிறது. அதைக் கொட்டிவிட்டுத்தான் மேலே போவேன்.

ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. இது என் வீட்டுக்காரிக்குத் தெரியும், பிரியாணிக் கடையில் அண்டா ஏற்றுகிறவனுக்குத் தெரியும். அதே ஒரு லிட்டர் பாத்திரத்தில் உப்புத் தண்ணியை நிரப்பினால் எடை கொஞ்சம் கூடும். எவ்வளவு கூடுகிறது? இது ஒன்றுதான் கேள்வி. ஆனால் பதில் சொல்ல எத்தனை பாஷை வைத்திருக்கிறார்கள் தெரியுமா?

பால் சொசைட்டியில் ஒரு கண்ணாடி மிதக்கிறது, அதில் இருபத்தெட்டு என்கிறார்கள். பேட்டரி கடையில் ஒரு கண்ணாடி, அங்கே ஆயிரத்து இருநூற்றைம்பது. குடியாத்தத்தில் லுங்கி நூலுக்குக் காஸ்டிக் கலக்குகிற டையிங் மாஸ்டர் என் தோஸ்த். அவர் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார், அதன் டிகிரிக்கு ட்வாடல் என்று பேர். சர்க்கரை ஆலைக்குப் போனால் பிரிக்ஸ். எங்கள் டிரம்முக்கு போமே. லேபில் கேட்டால் ஒருத்தர் கிராம் பெர் சிசி என்பார், இன்னொருத்தர் கிலோகிராம் பெர் க்யூபிக் மீட்டர் என்பார், மூன்றாவது ஆள் யூனிட்டே கிடையாது, ஸ்பெசிஃபிக் கிராவிட்டி என்பார்!

எல்லாக் கண்ணாடியும் செய்வது ஒரே வேலை. தண்ணி கனமாக இருந்தால் மேலே எழும்பும், லேசாக இருந்தால் உள்ளே இறங்கும். அவ்வளவுதான். அதற்கு இத்தனை டிகிரி எதற்கு? யாரோ எங்கோ இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஆளுக்கொரு கண்ணாடி ஊதி, ஆளுக்கொரு கோடு போட்டு, தன் பேரை வைத்துவிட்டுப் போய்ட்டான். அவன் பேருக்காக இங்கே ஒரு மனுஷன் தன் பேரை இழக்கவேண்டுமா?

கூடாது இல்லையா? அதனால்தான் கத்தினேன்.

"அந்த மீட்டரைக் கொண்டாங்க" என்றேன்.

கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். கையில் எடுத்தேன். நம்பருக்கு மேலே சின்னதாக ரெண்டு இங்கிலீஷ் எழுத்து. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் அந்தக் குழாயைப் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கழுத்துப் பக்கம் ஒரு சிவப்பு நூல் சுற்றியிருந்தது. நிறம் போய்ப் பழுப்பாகிவிட்டது. பார்த்ததும் ஆளை அடையாளம் தெரிந்தது.

பார்க்கோ மீட்டர். அந்தக் காலத்தில் இதே ஃபேக்டரியில் செருப்பு அடித் தோலுக்காகப் பட்டைச் சாறு ஊற்றி வைக்கிற குழிகள் இருந்தன. அந்தச் சாறு எவ்வளவு கெட்டி என்று பார்க்கிற கண்ணாடி இது. குழிகளை மூடி வருஷக்கணக்காகிறது. கண்ணாடி மட்டும் பீரோவில் உயிரோடு இருந்திருக்கிறது.

மீட்டரை மேஜைமேல் திரும்ப வைத்தேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு என் யூனிட்டுக்குப் போனேன். என்னிடம் எப்போதும் மூன்று போமே மீட்டர் ஸ்பேர் இருக்கும். ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்பி வந்தேன். போகிற வழியெல்லாம் அந்தச் சிவப்பு நூல் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்... சொல்லித்தான் ஆகவேண்டும்.

டிரம் பக்கத்தில் ஒரு வாளி நிறையப் பத்து லிட்டர் தண்ணி பிடிக்கச் சொன்னேன். கஜேந்திரனையும் உள்ளே கூப்பிட்டேன். ஸஸ்பென்ஷன்ல இருக்கிற ஆளு உள்ள வரக்கூடாது என்று ஸ்டோர்க்காரர் முனகினார். பாய் கையைக் காட்டி அடக்கிவிட்டார்.

ரெண்டு மீட்டரையும் ஒரே வாளியில் மிதக்க விட்டேன். வெறும் தண்ணி. ரெண்டும் பூஜ்யம். கஜேந்திரனை உப்புப் போடச் சொன்னேன். ரெண்டு கை போட்டுக் கலக்கினான்.

பார்க்கோ மீட்டர் எழும்பி ஏழில் நின்றது. பக்கத்தில் போமே மீட்டர் ஒன்றில் நின்றது.

ஒரே வாளி. ஒரே தண்ணி. ஒரே உப்பு.

கஜேந்திரன் கையை நீட்டிக் காட்டினான். "அன்னிக்கு இதான் சார் காட்டிச்சு. இந்த ஏழுதான்."

மேலும் போடச் சொன்னேன். முக்கால் கிலோ உள்ளே போன பிறகு போமே மீட்டர் ஏழுக்கு வந்தது. அப்போது பார்க்கோ மீட்டர் ஐம்பதில் நின்றது.

கேண்டீனிலிருந்து தராசைக் கொண்டுவரச் சொன்னேன். வாளித் தண்ணியை லிட்டர் பாட்டிலில் பிடித்து நிறுத்துப் பார்த்தோம். பாட்டில் எடையைக் கழித்தால் ஒரு கிலோ ஐம்பது கிராம். முதலில் ரெண்டு கை உப்புப் போட்டபோதே நிறுத்திருந்தால் ஒரு கிலோ ஏழு கிராம்தான் இருந்திருக்கும். பார்க்கோ மீட்டருக்கு அவ்வளவுதான் கணக்கு: ஒரு கிலோவுக்கு மேலே எத்தனை கிராம், அதுதான் டிகிரி. இருக்கிற கண்ணாடியிலேயே யோக்கியமான கண்ணாடி அதுதான் என்பேன். நடுவில் நாற்பத்துமூன்று கிராம் வித்தியாசம். நூற்றிப்பத்து தோலை ஊத வைத்தது அந்த நாற்பத்துமூன்று கிராம்.

பிரகாஷ் சார் பக்கம் திரும்பினேன். நான் விடவில்லை. "படிச்சிருக்கீங்களே சார், அவன் போன் பண்ணப்போ ஏழுன்னான். எந்த மீட்டர்ல ஏழுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நாக்குல உப்பு கரிக்கலைன்னு சொன்னானே, அதையாவது காதுல வாங்கினீங்களா? நீங்களே வந்து நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாத்திருந்தாக்கூட தெரிஞ்சிருக்கும். நோட்டீஸ் ஒட்ட மட்டும் டைம் இருந்துச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. ஏன் மறைக்கவேண்டும்? மூணாங்கிளாஸ் ஒரு டிகிரிக்காரரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறது. சுற்றிலும் இருபது பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்போது அவர் ஒரு காரியம் செய்தார். டிரம் பக்கத்தில் ஆணியில் தொங்கின கார்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் உறை போட்ட பழைய அட்டை. அதில் வரிசையாக நம்பர்கள். தண்ணி இவ்வளவு, சுற்று இவ்வளவு, மீட்டர் 7. பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

"என் மேல தப்பு இருக்கு. ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா நான் வந்த அன்னைக்கே இந்தக் கார்டை மாத்தணும்னு சொன்னேன், பெரியவரே. நம்பருக்குப் பக்கத்துல யூனிட் எழுதணும்னு கேட்டேன். வேணாம், இது ராசியான கார்டு, இத்தனை வருஷமா இதுலதான் வேலை நடக்குதுன்னு சொல்லிட்டாங்க."

யார் போட்ட கார்டு என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும்.

அன்வர் பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது உங்க கார்டு, மேஸ்திரி."

ஆமாம். என் கார்டு. அந்தச் சிவப்பு நூலும் நான் கட்டினதுதான்.

இப்போது சொல்கிறேன். இதைப் பற்றி இதே பத்தியில் முன்பு ஒரு தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன். 'ஒரு எழுத்துக்கூட இல்லாமல் வெறும் நம்பரை வைத்து ஒரு ஃபேக்டரியையே ஓட்டிக் காட்டினேன்' என்று. பல பேர் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டீர்கள். நான் எழுதாமல் விட்ட பாதிக் கதை இது.

அந்தக் காலத்தில் அங்கே ஒரு கெமிஸ்ட் இருந்தார். ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்திலும் யூனிட்டை இங்கிலீஷில் எழுதின கார்டு ஒன்றை அவர் தயாரித்துக் கொடுத்தார். மேஸ்திரி நான். ஆட்களுக்கு நான்தான் படித்துக் காட்டவேண்டும். எனக்கு அந்த எழுத்துகள் படிக்க வரவில்லை. கேட்டிருக்கலாம். என்னய்யா இது, எனக்குச் சொல்லிக் கொடு என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருபது ஆட்களுக்கு முன்னால் மேஸ்திரி எழுத்துக் கூட்டுவதா?

அதனால் அந்தக் கார்டைக் கிழித்தேன். எழுத்தெல்லாம் எவனுக்கய்யா வேணும், வேலைக்காரனுக்கு நம்பர் போதும் என்று சவால் விட்டேன். வெறும் நம்பரோடு வேறு கார்டு மாட்டினேன். ஆட்கள் கைதட்டினார்கள். ரெண்டு மீட்டரும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடக்கூடாது என்று பட்டைச் சாறு மீட்டரின் கழுத்தில் மட்டும் ஒரு சிவப்பு நூலைச் சுற்றினேன். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். அன்றைக்கு இருந்தவர்களுக்கும் தெரியும். கஜேந்திரன் வந்து சேருவதற்குள் குழிகளை மூடிவிட்டார்கள். அந்த நூல் எதற்கு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பார்த்தீர்களா? இத்தனை நேரம் ஊர் உலகத்தைத் திட்டினேன். கண்ணாடி ஊதினவனைத் திட்டினேன், படித்தவனைத் திட்டினேன். அந்த ஆத்திரம் எதையும் நான் இப்போதும் வாபஸ் வாங்கவில்லை. ஒரே சமாச்சாரத்துக்குப் பத்து யூனிட் வைத்திருப்பது அக்கிரமம்தான். ஆனால் பத்து யூனிட் இருக்கிற ஊரில், யூனிட்டே எழுதாமல் கார்டு போட்ட ஆள் யார்?

வாளி பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கார்டில் எழுத்தை எடுத்தவன் நான். மீட்டரைப் பீரோவில் வைத்தவன் நான். ஏன் எடுத்தேன் என்பதையும் சொன்னேன். எனக்குப் படிக்க வரவில்லை, அதனால் எடுத்தேன் என்று. எழுபத்தொரு வயதில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொல்கிறேன்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிரித்திருந்தால் ரெண்டு திட்டுத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

கஜேந்திரன் என்னைப் பார்த்தான். "உங்களுக்குமா மேஸ்திரி?" என்றான். அவ்வளவுதான்.

அவனும் நம்பர் மட்டும் படிக்கிறவன். கண்ணாடியில் இருந்த அந்த ரெண்டு எழுத்தை அவன் பார்த்திருக்கிறான். பழைய மீட்டரில் இருந்த எழுத்து மாதிரி இது இல்லையே என்று அவனுக்குத் தோன்றியும் இருக்கிறது. ஸ்டோரில் கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பார்களோ என்று கேட்கவில்லை. இதைப் பிற்பாடு என்னிடம் தனியாகச் சொன்னான். நான் பட்ட அதே வெட்கம். நான் அதை மேஸ்திரி மிடுக்காக மாற்றிக்கொண்டேன். அவனுக்கு நோட்டீஸ் போர்டு கிடைத்தது.

அன்வர் பாய் நல்ல மனுஷன். நோட்டீஸை இப்பவே எடுத்துடறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஒட்டும்போது எத்தனை பேர் பார்த்தார்களோ, எடுக்கும்போதும் அத்தனை பேர் பார்க்கவேண்டும். ரெண்டு மணி ஷிப்ட் மாறுகிற நேரத்துக்குக் காத்திருந்தோம். ஷூ செக்ஷன் பெண்கள் வரிசையாக வந்தார்கள். பாய் தன் கையாலேயே பேப்பரைக் கிழித்தார். பிரகாஷ் சார் முன்னால் வந்து, தப்பு ஆபரேட்டர் மேல் இல்லை, மீட்டர் மாறிப்போனது, நான் விசாரிக்காமல் நோட்டீஸ் போட்டுவிட்டேன் என்று சொன்னார். அந்த மனுஷனுக்கும் அது லேசான காரியம் இல்லை. எனக்குத் தெரியும், அதற்கு முன்னால்தான் நானும் ஒன்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மச்சான் பொண்ணு கஜேந்திரன் பக்கம் வந்து, மாமா சாப்டியா என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு டிரம் பக்கம் போய்ட்டான்.

ஊதிப்போன தோலை என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். உப்பைக் கொட்டி வீக்கத்தை வடித்தாயிற்று. ஷூவுக்கு ஆகாது. வேலை செய்கிறவர்கள் போடுகிற கையுறைக்குத் தேறும் என்கிறார்கள்.

புதுக் கார்டு எழுதியாகிவிட்டது. தமிழில். 'உப்புத் தண்ணி — போமே 7 — ஒரு லிட்டர் எடை ஒரு கிலோ ஐம்பது கிராம்.' பக்கத்திலேயே போமே மீட்டருக்கு உரிய ரெண்டு இங்கிலீஷ் எழுத்தும், கண்ணாடியில் எப்படி இருக்கிறதோ அப்படியே படமாக. கார்டு மாட்டும்போது நானும் கூட நின்றேன். அந்த ரெண்டு எழுத்தை இப்போது எனக்கு அடையாளம் தெரியும். எழுதவும் வரும். வேண்டுமென்றால் வந்து பரீட்சை வையுங்கள்.

கிளம்பும்போது கஜேந்திரன் கூப்பிட்டான். ஆசிட் கேனைக் காட்டினான். அதன் மேலே 1.84 என்று அச்சடித்திருந்தது. "இத்தினி வருஷமா இதைத் தூக்கி ஊத்தறேன் மேஸ்திரி. இது இன்னா நம்பரு?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று அவனிடமே சொன்னேன். ஆபீஸ் கதவைத் தட்டி பிரகாஷ் சாரைக் கூப்பிட்டேன். மனுஷன் பேப்பரும் பேனாவுமாக இறங்கி டிரம் பக்கம் நடந்து போனார். கேன் பக்கத்தில் குனிந்து, ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோன்னா இந்த ஆசிட் ஒரு கிலோ எண்ணூத்தி நாப்பது கிராம் என்று ஆரம்பித்தார். கஜேந்திரன் அடுத்த கேள்வி கேட்டான். அப்புறம் இன்னொன்று.

ஆபீஸுக்கும் டிரம்முக்கும் நடுவே அறுபதடிதான் இருக்கும். எல்லாவற்றையும் அளக்கிற நாங்கள் அதை மட்டும் யாரும் அளக்கவேயில்லை.